சுட்டிக்கு வேலையில்லாமல் போன மழைக்காலம்

நம் வயதுக்காரர்கள் யாராவது தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாய் வளர்த்திருந்தால், இதை வாசிக்கும்போது என் மேல் கோபப்படக்கூடும். படுங்கள். ஐம்பது வருடங்களாக யாரும் கோபப்படவில்லை என்பதுதான் என் குறை.

இப்போது நான் பண்டாரவளையில் மகள் வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் கணினி வேலை பார்க்கும் ஓர் இளைஞர் கொழும்பிலிருந்து நாய் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். கறுப்பும் வெள்ளையும் கலந்தது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அதோடு மலை ஏறி இறங்குகிறார். ஒருநாள் கேற்றடியில் நின்று கேட்டேன்.

“ஏன் தம்பி, இப்படி மூச்சு வாங்க ஓடுறீங்க?”

“இது ஆடு மாடு மேய்க்கிற சாதி ஆன்ட்டி. கட்டிப்போட்டு வேல குடுக்காம விட்டா பைத்தியம் புடிச்சிரும்.”

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அவர் ஓடிவிட்டார். நான் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். மகள் வந்து, பிரஷர் மாத்திரை போட்டீங்களாம்மா என்று கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது? அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

கொஸ்லந்தவுக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டம். எங்கள் என்று சொல்வது வாய்ப்பழக்கம். அதில் ஒரு செடிகூட எங்களுடையது இல்லை. அப்பா தோட்டத்து மாட்டுப்பட்டியைப் பார்த்துக்கொண்டார். பதினொரு மாடுகள். பால் பங்களாவுக்கும் உத்தியோகத்தர் வீடுகளுக்கும் போகும். மற்ற ஆண்கள் விடிகாலைப் பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுத்து, தண்ணீர் போகக் கான் வெட்டவும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டவும் போவார்கள். அப்பா மட்டும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு பத்தனைக்கு ஏறுவார். பத்தனை என்பது தேயிலை நடாமல் விட்ட புல்மலை. அவரை யாரும் பேர் சொல்லி அழைத்ததில்லை. துரை முதல் சின்னப் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் அவர் மாட்டுக்காரர்.

அப்போதிருந்த பெரியதுரை பங்களாவில் ஆடு மேய்க்கும் சாதிப் பெட்டை நாய் ஒன்றை வளர்த்தார். லயத்து நாய் ஒன்று பின்வேலியில் புகுந்ததில் அது ஐந்து குட்டி போட்டது. துரைசாணி குட்டிகளை ஆற்றில் விட்டுவிடச் சொன்னாராம். பங்களாச் சமையல்காரர் நாலை விட்டுவிட்டு, ஐந்தாவதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு பட்டிக்கு வந்தார்.

“இத மட்டும் கை விடல மாட்டுக்காரரே. கண்ணத் தெறந்து என்னையே பாத்துச்சு” என்றார்.

கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, நெற்றியில் சுட்டி வைத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அதனால் சுட்டி. பெண் நாய். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து தொங்கும். நிற்பது லயத்துக் காது, மடிந்தது பங்களாக் காது என்பார் அப்பா.

அது ஓடிய ஓட்டத்தை எப்படிச் சொல்வது! எழுந்ததிலிருந்து படுக்கும்வரை கால் தரையில் பாவாது. பாற்சட்டியைச் சுற்றி ஓடும், பட்டியைச் சுற்றி ஓடும், எதுவும் கிடைக்காவிட்டால் என் தம்பியைச் சுற்றி ஓடும். ஆறு மாதக் குட்டியாக இருந்தபோது ஒரு பின்னேரம், பத்தனையில் பனிமூட்டம் இறங்கி மாடுகள் திசைக்கொன்றாகக் கலைந்துவிட்டன. அப்பாவுக்குத் தன் கைத்தடியின் நுனிகூடத் தெரியவில்லை. நானும் கூட இருந்தேன். சுட்டி பனிக்குள் போனது. சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள்ளிருந்து மாடுகள் ஒவ்வொன்றாக முளைத்து வந்தன. பின்னால் சுட்டி, வயிறு புல்லில் உரச, தலையைத் தாழ்த்தி, கண்ணை எடுக்காமல் வந்தது. அப்பா எண்ணினார். பத்து. “ஒண்ணு கொறையுது” என்று அவர் வாயெடுக்கும் முன்பே அது திரும்பிப் போயிருந்தது. பதினொன்றாவது கன்றுக்குட்டி.

“பாத்தியா புள்ள! கொலைக்கவும் இல்ல, கடிக்கவும் இல்ல. கண்ணாலயே ஓட்டுது” என்றார் அப்பா. “யாருமே சொல்லிக் குடுக்கலையே இதுக்கு.”

அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் விசிலில் ஒரு பாஷை உண்டானது. இரண்டு விரலை வாயில் வைத்து அப்பா நீளமாக ஊதினால் இடப்பக்கம் சுற்றும். குட்டையாக இரண்டு ஊதினால் வலப்பக்கம். ஊதல் தணிந்து இறங்கி முடிந்தால் நின்ற இடத்தில் படுக்கும். எதிர்மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையோடு நிமிர்ந்து பார்ப்பார்கள். “மாட்டுக்காரரு நாயி படிச்ச நாயிடி” என்று சிரிப்பார்கள். காலையில் பள்ளிக்கூடம் போகும் எங்களையும் அது சும்மா விடாது. கொய்யாப்பழத்துக்கு யாராவது பாதையை விட்டு விலகினால், முழங்காலுக்குப் பின்னால் ஈர மூக்கால் ஒரு தள்ளு. எல்லோரும் ஒரே கும்பலாகப் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேருவோம். எண்ணிப் பார்த்தது போல ஒரு முறை சுற்றிவிட்டு அது பத்தனைக்கு ஓடிவிடும்.

மாலையில் அதன் ரோமத்திலிருந்து புல்விதை பொறுக்குவது என் வேலை. விரலிடுக்கில் அட்டை கடித்துத் தொங்கும். சவர்க்காரம் தடவினால் சுருண்டு விழும். நனைந்த ரோமமும் சாணியும் பாலும் கலந்த அந்த வாடை என் பாவாடையிலேயே இருக்கும். அம்மா மூக்கைப் பொத்துவாள். அம்மா ஒருநாளும் சுட்டியைத் தொட்டதில்லை.

அப்புறம் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. உங்களுக்கு நினைவிருக்கும், பாணுக்கு வரிசையில் நின்ற காலம். பெரியதுரை போனார், சாதி நாயும் அவரோடு போனது. புதிதாக வந்தவருக்கு மாட்டுப்பட்டி வேண்டாத செலவாகப் பட்டது. மழை தொடங்கிய வாரத்தில் மாடுகளை விற்றுவிட்டார்கள்.

லொறி ரோட்டு முகப்பில் நின்றது. பின்பலகையைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். மாடுகள் ஏற மறுத்தன. வாங்க வந்தவர்கள் வாலை முறுக்கினார்கள், கம்பால் அடித்தார்கள். கொம்பு சிவந்த கிழப்பசு ஒன்று முன்காலை மடித்து விழுந்தது. அதுவரை ஒதுங்கி நின்ற அப்பா முன்னால் போனார்.

“அடிக்காதீங்க ஐயா. நா ஏத்தி விடுறேன்.”

விரல் இரண்டையும் வாயில் வைத்தார். சுட்டி அம்பு மாதிரி வந்தது. அன்றைக்கு அது செய்த வேலையை இன்றுவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒரு கம்படி இல்லாமல், ஒரு குரைப்பு இல்லாமல், பதினொரு மாடும் பலகையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. பலகையைத் தூக்கிப் பூட்டினார்கள். சுட்டி நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தது. அவர் வழக்கமாகத் தலையில் ஒரு தட்டு தட்டுவார். அன்றைக்குத் தட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லொறி நகர்ந்தது. அப்போதுதான் அதற்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். பின்னாலேயே ஓடியது. லொறியை முந்திப் போய் வளைவில் படுத்தது, எழுந்தது, திரும்பவும் ஓடியது. அப்பா படுக்கச் சொல்லி ஊதினார், வரச் சொல்லி ஊதினார். அது ஒரு நாளும் அவர் விசிலை மீறியதில்லை. அன்று மீறியது. இருட்டும் நேரத்தில் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தது. நாலு பாதமும் தோல் உரிந்து சிவந்திருந்தன.

அப்பா பெரட்டுக்குப் போகத் தொடங்கினார். கான் வெட்டுகிற வேலை. சுட்டியை லயத்தின் முன்நடையில், இஸ்தோப்புக் கட்டையில் சங்கிலியால் கட்டினார்கள். வேறு என்ன செய்வது? அவிழ்த்துவிட்டால் அது வேலை தேடிப் போனது. ஒருநாள் லயத்துக் கோழிகளையெல்லாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை மூலையில் சேர்த்து வைத்துக்கொண்டு பகல் முழுவதும் அசையவிடவில்லை. ஒன்றையும் கடிக்கவில்லை, ஆனால் கோழிகள் ஒரு வாரம் முட்டையிடவில்லை. இன்னொரு நாள் கணக்கப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே போய்ப் படுத்தது. அவர் கானுக்குள் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார்.

கட்டினால் கட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடும். சாணி மெழுகிய தரையில் வட்டமாகப் பள்ளம் விழுந்துவிட்டது. சங்கிலி உரசும் சத்தம், குரைப்பு, மழை. பக்கத்துக் காம்பராவில், சுவருக்கு அந்தப் பக்கம், கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் வந்து அம்மாவிடம் அழுதாள்.

“அக்கா, புள்ள கண் அசரவே மாட்டேங்குது. இந்த நாய ஏதாச்சும் செய்யுங்கக்கா.”

அம்மா என்னைக் கூப்பிட்டாள். “அதுக்குக் கொழுப்பு கூடிப்போச்சு. நாளையிலருந்து சோத்தக் கொறச்சுப் போடு. தானா அடங்கும்.”

சோறு வைப்பது என் பொறுப்பு. நான் குறைத்தேன். முதலில் பாதி, பிறகு கால்வாசி, பிறகு சட்டி கழுவிய தண்ணீரில் கொஞ்சம் மரவள்ளி. ஒவ்வொரு நாளும் நான் வரும்போது அது வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று சட்டியைப் பார்க்காது, என்னைப் பார்க்கும். அந்தப் பார்வையை அப்போது நான் பசி என்று நினைத்தேன். அது பசி மட்டும் இல்லை. என்ன செய்யட்டும் என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. ஆனாலும் ஓட்டம் நிற்கவில்லை.

இன்னொன்றும் எனக்கு வயதான பிறகுதான் விளங்கியது. அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் அரிசியே இல்லை. அம்மா இரவில் வெறும் தேயிலைச் சாயத்தண்ணீரைக் குடித்துவிட்டு, வயிறு சரியில்லை என்று படுத்துக்கொள்வாள். நாய்க்குப் போடச் சோறு இல்லை என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கொழுப்பு என்று சொல்லிவிட்டாள். நான் நம்பிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் பார்க்காத நேரத்தில் சங்கிலியை அவிழ்த்துச் சுட்டியைப் பத்தனைக்குக் கூட்டிப் போனேன். மழை விட்டிருந்தது. மேலே ஏறியதும் அது என் கையிலிருந்து பறந்தது. வெறும் புல். ஒரு மாடு இல்லை. ஆனால் சுட்டி பெரிய வட்டம் ஒன்று போட்டது. தாழ்ந்தது, நின்றது, தப்பி ஓடும் ஒன்றை மறிப்பதுபோல் இடப்பக்கம் பாய்ந்தது, திரும்பவும் வந்தது. இல்லாத மாடுகளையெல்லாம் சேர்த்து என் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் படுத்து என்னைப் பார்த்தது. எனக்கு விசில் தெரியாது. “வா சுட்டி, வா” என்று கத்தினேன். அது அசையவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். கூரை பிரித்த மாட்டுப்பட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு அப்பா நின்றிருந்தார். எப்போது வந்தார், தினமும் வருவாரா, தெரியாது.

“அப்பா, விசில் அடிங்கப்பா. ஒங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கு.”

கையை வாய்வரை கொண்டுபோனார். இறக்கிவிட்டார்.

“எதுக்குடி? என்னத்த ஓட்டிக்கிட்டு வரச் சொல்றது?”

கீழே இறங்கிப் போய்விட்டார். நான் சுட்டியைத் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். தூக்க முடிகிற அளவுக்கு இளைத்திருந்தது.

கணக்கப்பிள்ளை வந்து எச்சரித்தார். நாயை அகற்றாவிட்டால் ஆள் விட்டு அடிக்கச் சொல்வேன் என்றார். பெரகல சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளி, கடைக்குக் காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று கேட்டிருந்தார். நல்ல மனிதர். “அங்க பாணும் எறைச்சியும் கெடைக்கும். நம்மகிட்ட இருந்து சாகுறதுக்கு அது மேல்” என்றாள் அம்மா. அப்பா கயிறு போட்டுக் கூட்டிப்போனார். நானும் தம்பியும் கோயில் திருப்பம்வரை பின்னால் போனோம். அது எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவோடு வேலைக்குப் போகிறோம் என்று நினைத்து, முன்னால் இழுத்துக்கொண்டு போனது.

ஆறு நாள் கழித்து முதலாளியே தோட்டத்துக்கு வந்தார். கையில் குடை, முகம் செத்திருந்தது. இஸ்தோப்பில் நின்றபடியே சொன்னார்.

“கோவிச்சுக்காதீங்க மாட்டுக்காரரே. வந்த நாள்லருந்து ஒரு வாய் திங்கல. எறைச்சி வச்சேன், மோந்துகூடப் பாக்கல. கயித்த அறுத்துக்கிட்டுப் போயி ரோட்டு வளைவுல படுத்துக்கிடும். கார் வந்தா ஒதுங்கிரும், பஸ் வந்தா ஒதுங்கிரும். லொறி வந்தா மட்டும் நடு ரோட்டுல தரையோட தரையாப் படுத்து மொறச்சுப் பாக்கும். ரெண்டு மூணு பேரு பிரேக் போட்டு நிப்பாட்டினாங்க. நின்னா, பின்னால சுத்திப் போயி, அந்தப் பலகைக்குக் கீழ நின்னுக்கிட்டு மேலயே பாக்கும். காலையில மழ. வந்த லொறிக்காரனால நிப்பாட்ட முடியல.”

அப்பா கம்பளியை எடுத்துக்கொண்டு முதலாளியோடு போனார். நாங்கள் அதைப் பார்க்கவில்லை. பெரகலையிலேயே, ரோட்டுக்கு மேலே ஓரிடத்தில் புதைத்துவிட்டு வந்தார். கம்பளி திரும்பி வரவில்லை.

செய்தி தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் காதுக்குப் போனது. தின்னவில்லை, கயிற்றை அறுத்தது, லொறியை முறைத்தது. விசர் நாயேதான், வெறி பிடித்ததுதான் என்று அவர் முடிவு கட்டினார். அதைத் தொட்டவர்கள் எல்லாரும் பதுளைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சீட்டு எழுதினார். அப்பா, நான், தம்பி. தொப்புளைச் சுற்றி நாளுக்கொன்று. பதுளையில் அத்தை வீடு இருந்ததால் அங்கே தங்கினோம்.

போகும்போது பஸ் பெரகல வளைவில் மெதுவாகத் திரும்பியது. தம்பி தூங்கிவிட்டான். அப்பா யன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, நான்தாம்பா அதுக்குச் சோத்தக் கொறச்சேன். அதனாலதான் பைத்தியம் புடிச்சிருச்சு.”

பஸ் ஹப்புத்தளை ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது.

“அதுக்குப் பைத்தியம் இல்ல புள்ள” என்றார். “நாந்தான் ஏத்தச் சொன்னேன். அது எறக்கப் போயிருக்கு.”

“டாக்டர் ஐயாகிட்ட சொல்லுங்களேம்பா. ஊசி வேணாம்னு சொல்லுங்களேன்.”

“டிஸ்பென்சர்கிட்ட சொன்னேன். சிரிச்சாரு.”

அந்த ஊசியின் வலியை நம் வயதுக்காரர்கள் சிலராவது அறிவீர்கள். தம்பி கதறுவான், இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். தாதி என்னைக் கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுப்பார். எனக்கு வலித்தது போதவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கடைசி ஊசி முடிந்த அன்று, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முஸ்லிம் நானா ஒருவர் வைத்திருந்த தேத்தண்ணிக் கடைக்கு அப்பா எங்களைக் கூட்டிப் போனார். எங்கள் மூன்று பேருக்கும் சீனி தூவிய பணிஸ், பிளேன்டீ. வெளியே தூறல். தம்பி சீனியை மட்டும் நக்கிக்கொண்டிருந்தான். அப்பா பணிஸை இரண்டாகப் பிய்த்தார். ஒரு துண்டை வாயருகே கொண்டுபோனவர், மற்றதை, ரோட்டைப் பார்த்தபடியே, மேசைக்குக் கீழே நீட்டினார். பத்தனையில் ரொட்டி தின்னும்போது அப்படித்தான் கொடுப்பார் போலிருக்கிறது. நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கை முழங்கால் உயரத்தில், விரல்கள் விரிந்தபடி அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் போனதும் அவர் கீழே குனிந்து பார்த்தார்.

பணிஸ் துண்டை மெதுவாக மேலே எடுத்தார். அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கடை நானா வந்து, “தேத்தண்ணி ஆறிப்போகுதே, குடிங்க” என்று சொன்னபோதும் வைத்துக்கொண்டேதான் இருந்தார்.